நகரை அழித்தவர்கள் காத்த பெயர்



'ஊர் அழிந்தால் பேரும் அழியுமா?' என்பது இன்று நம்முன் உள்ள கேள்வி. அதற்குச் சான்றாகக் கார்த்தேஜ் நகரை உங்கள் முன் வைக்கிறேன்.

இன்றைய துனீசியாவின் கடலோரத்தில் இருந்த நகரம் அது. லெபனான் கரையிலிருந்து கப்பலேறி வந்த பினீசியர்கள் அதை நிறுவி, தங்கள் மொழியில் 'கர்த் ஹதாஷ்த்' என்று பெயரிட்டார்கள். 'புதிய நகரம்' என்பது பொருள். ரோமானியர் நாவில் அது 'கார்த்தாகோ' ஆயிற்று.

வணிகத்தில் ஓங்கி நின்ற அந்நகரை ரோம் பொறுக்கவில்லை. கேட்டோ என்ற முதியவர் செனட் சபையில் எதைப் பற்றிப் பேசினாலும், 'கார்த்தேஜை அழித்தே ஆகவேண்டும்' என்றுதான் முடிப்பாராம். கி.மு. 146இல் ரோமானியர் அதை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றார்கள்.

நேயர்களே, இங்கேதான் மொழியின் விளையாட்டைப் பாருங்கள். தமிழில் 'நகரம்' என்பது 'நகரத்தை' என்று மாறுவதுபோல, லத்தீனிலும் இரண்டாம் வேற்றுமையில் 'கார்த்தாகோ' என்பது 'கார்த்தாகினெம்' ஆகும். அழிக்கச் சொல்லும்போது வருகிற வடிவம் அதுதான். லத்தீனின் பிள்ளை மொழிகளில் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் அந்த வேற்றுமை வடிவிலிருந்தே வந்தவை. அவ்வழியில்தான் இத்தாலியர் இன்றும் 'கார்த்தாஜினே' என்கிறார்கள். ஸ்பானியரோ ஏட்டில் கண்ட எழுவாய் வடிவத்தை எடுத்து, 'கார்த்தாகோ' என்றே சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'கார்த்தாஜ்'.

கார்த்தேஜியர் ஸ்பெயினில் கட்டிய நகருக்கும் அதே பெயர்தான். ரோமானியர் வேறுபாடு தெரிய அதைக் 'கார்த்தாகோ நோவா' என்றார்கள். பொருள் பார்த்தால் 'புதிய புதிய நகரம்'! அதுவே இன்றைய கார்த்தஹேனா. 1533இல் ஸ்பானியர் அப்பெயரைக் கடல் கடந்து கொண்டுபோய்க் கொலம்பியாவில் ஒரு துறைமுகத்திற்கும் சூட்டினார்கள்.

ஆக, பெயர் அழியவில்லை. ஆனால் அதைச் சூட்டிய மொழி என்ன ஆனது? கார்த்தேஜின் நூலகங்களை ரோமானியர் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாகோ என்பவரின் 28 தொகுதி வேளாண்மை நூலை மட்டும் லத்தீனில் பெயர்க்கச் சொன்னார்கள். அதிலும் இன்று எஞ்சியவை மேற்கோள் துணுக்குகளே. நகரம் எரிந்த பின்னும் சில நூற்றாண்டுகள் மக்கள் நாவில் வாழ்ந்த அம்மொழி, பேசுவார் குறைந்து குறைந்து மறைந்தது.

அன்பர்களே, ஓர் ஊரின் பெயரைப் பகைவர்கூடக் காப்பாற்றிவிடுவார்கள். ஒரு மொழியை அதைப் பேசுகிறவர்களின் பிள்ளைகள்தாம் காப்பாற்ற முடியும்.