பழைய பொருளும் நம் நாணயமும்



தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிய நெல்லின் கதி அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இணைய விளம்பரத்தில் பழைய பைக்கை விற்கும் நாமும் அடிபட்ட பக்கத்தையும் படமெடுத்துப் போடுவோம். விலை பேசி முடித்தபின் கூடுதலாகத் தருபவருக்காக வாக்கு மாறலாகாது. சாவியைக் கொடுத்தவுடன் கடமை முடிந்ததென நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவிலுள்ள உரிமையாளருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே விற்ற 14 நாட்களுக்குள் படிவம் 29 வழியே போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இன்னொன்று. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. வாங்க வருபவர் தம்மை ராணுவ வீரர் என்று சொன்னாலும் அதை அழுத்தாதீர்கள்.