தீவுக்குக் கப்பலே சாலை: ஹட் பே தொழிலாளர் முன்னுள்ள கேள்வி

(கப்பல், ஜெட்டித் தொழிலாளர்களுக்காக ஹட் பேயில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

நிலப்பரப்பில் வாழும் மக்களுக்குச் சாலை எதுவோ, தீவில் வாழும் மக்களுக்குக் கப்பல் அதுவே. சாலையில் ஒரு பேருந்து தவறினால் அடுத்த பேருந்து வரும். அதுவும் வராவிட்டால் நடந்தேனும் ஊர் சேரலாம். ஹட் பேயில் கப்பல் வராத நாளில் அப்படியொரு வழி கிடையாது. ஹெலிகாப்டரில் இருக்கும் சில இடங்கள் எத்தனை பேருக்குப் போதும்? அரிசியும் பருப்பும், மின்சார நிலையத்துக்கான டீசலும், கட்டுமானத்துக்கான சிமெண்டும் கடல் வழியாகவே வந்து சேர வேண்டும். ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியும், தேர்வெழுதச் செல்லும் மாணவரும் கப்பலின் நேரத்துக்காகவே காத்திருக்கிறார்கள்.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்குத் தெற்கே, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் லிட்டில் அந்தமான் இருக்கிறது. இடையில் டங்கன் கால்வாய். தெற்கே பத்துப் பாகைக் கால்வாய். அதற்கு அப்பால் நிக்கோபார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்விரு கடற்பகுதிகளும் கப்பலை எப்படிப் புரட்டி எடுக்கும் என்பது இங்குள்ள குழந்தைகளுக்கும் தெரியும். கார் நிக்கோபாருக்கும், கச்சாலுக்கும், கமோர்ட்டாவுக்கும், கேம்ப்பெல் பேயுக்கும் போகும் கப்பல்கள் பலவற்றுக்கு ஹட் பேதான் முதல் துறை.

இத்தீவின் மூத்த குடிகள் ஓங்கே மக்கள். 1957இல் தீவு முழுவதும் அவர்களுக்குரிய பழங்குடிக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அரசே காட்டைத் திறந்து, கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளை நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம், ரவீந்திர நகர் ஆகிய குடியிருப்புகளில் அமர்த்தியது. நிக்கோபாரி மக்கள் ஹர்மிந்தர் பேயில் குடியேறினர். பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், ராஞ்சி வட்டாரத்திலிருந்தும் உழைப்பாளிகள் வந்தனர். தெற்கே கச்சாலில், 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். மொழியாலும் ஊராலும் வேறுபட்ட இத்தனை மக்களும் இறங்கியது கப்பலிலிருந்துதான். இன்றும் இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது கப்பல் பயணச்சீட்டு வழங்கும் சாளரமே.

இந்தக் கப்பலை ஓட்டுபவர் யார்? வடத்தை வீசுபவர் யார்? சாரங்கின் குரலுக்கு நள்ளிரவில் எழுந்து தளத்துக்கு ஓடுபவர், இயந்திர அறையின் வெக்கையில் நின்று எண்ணெய் அழுத்தத்தைக் கண்காணிப்பவர், ஜெட்டியில் வடத்தைப் பிடித்துக் கட்டையில் மாட்டுபவர், சரக்கு அறையிலிருந்து மூட்டைகளைத் தோளில் ஏற்றுபவர் என நூறு கைகள் சேர்ந்தால்தான் ஒரு கப்பல் வந்து போகிறது. அலை ஏறி இறங்கும்போது கப்பலுக்கும் ஜெட்டிக்கும் இடையிலுள்ள அந்த ஓரடி இடைவெளியே மரணத்தின் இடம். விறைத்து நிற்கும் வடம் அறுந்தால் எதிரே நிற்பவரின் உயிர் போகும். இந்த ஆபத்து ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒன்றே. ஊதியமும் விடுப்பும் இழப்பீடும் மட்டும் ஒன்றாக இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஹட் பேயைத் தாக்கியது. குடியிருப்புகள் அழிந்தன, அலைதடுப்புச் சுவர் சிதைந்தது, ஜெட்டி சேதமடைந்தது. கடலின் போக்கை அறிந்த ஓங்கே மக்கள் மேட்டு நிலத்துக்கு ஏறி உயிர் தப்பினர். அந்த நாட்களில் தீவுகளிலிருந்து மக்களை மீட்டுச் சென்றவற்றில் அரசுக் கப்பல்களும் முன்னணியில் நின்றன. அவற்றைச் செலுத்திய மாலுமிகளில் பலருடைய குடும்பங்களும் இதே தீவுகளில்தான் இருந்தன. அன்று எந்தத் தனியார் நிறுவனத்திடமும் கட்டணப் பட்டியல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிலை இல்லை. கப்பல் பொதுச் சொத்தாக இருந்தது. ஆணை பிறந்ததும் புறப்பட்டது. பொதுத்துறை என்ற சொல்லுக்குத் தீவு மக்கள் கண்ட பொருள் அதுவே.

தோழர்களே! அந்தப் பொதுத்துறைதான் இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின், அயல்நாட்டுக் கப்பல் நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபடும் நோக்குடன் அரசே கப்பல் தொழிலில் இறங்கியது. கிழக்கு, மேற்குக் கப்பல் கழகங்கள் இணைக்கப்பட்டு 1961 அக்டோபர் 2 அன்று இந்தியக் கப்பல் கழகம் உருவானது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து தீவுக்கு வரும் பயணிகள் கப்பல்கள் அந்தமான் நிர்வாகத்துக்கு உரியவை. அவற்றை இயக்கும் பொறுப்பு நீண்டகாலமாகக் கப்பல் கழகத்திடம் இருந்துவந்தது. அந்தக் கழகத்தில் ஒன்றிய அரசுக்குள்ள 63.75 விழுக்காடு பங்கையும் விற்றுவிட 2019 நவம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. 2020 டிசம்பரில் வாங்க விரும்புவோரிடம் விருப்பம் கோரப்பட்டது. விற்பனைக்கு வசதியாகக் கழகத்தின் நிலமும் கட்டடங்களும் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டன. விற்பனை இழுத்துக்கொண்டே போனது.

தனியார் வந்தால் போட்டி வரும், சேவை மேம்படும் என்கிறார்கள். தனியார் விரைவுப் படகுகள் இத்தீவுகளில் முதலில் தேடிச் சென்ற துறைகள் எவை? சுற்றுலாப் பயணிகள் குவியும் ஹேவ்லாக்கும் நீல் தீவும்தான். இலாபம் உள்ள இடத்துக்கு மூலதனம் ஓடும். பருவக்காற்று வீசும்போது பாதிக் கப்பல் காலியாகக் கச்சாலுக்குப் போக வேண்டுமென்றால் எந்த முதலாளியும் போகமாட்டார். தீவுவாசிக்குச் சலுகைக் கட்டணம் என்பது மானியத்தால் நிலைக்கும் உரிமை. இலாபக் கணக்கில் அது நட்டம் என்றே எழுதப்படும்.

இலாபவெறியின் மறுபக்கத்தையும் இத்தீவுகள் கண்டுள்ளன. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு தனியார் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பயணிகள் ஏற்றப்பட்டிருந்தனர். ஒரு கூடுதல் பயணச்சீட்டுக்காகப் பாதுகாப்பு விதி மீறப்படும்போது அந்தப் படகில் வேலை செய்பவருக்கு மறுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். மறுத்தால் நாளை வேலை இருக்காது என்ற நிலையில் நிற்பவர் எப்படி மறுப்பார்? தொழிலாளியின் பணிப் பாதுகாப்பே பயணியின் உயிர்ப் பாதுகாப்பு.

ஜெட்டியிலும் பிற அரசுத் துறைகளிலும் உழைக்கும் தினக்கூலி மஸ்தூர்களின் நிலையைப் பாருங்கள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு உழைத்தாலும் ஏட்டில் அவர்கள் ‘தினக்கூலி’. நிரந்தர ஊழியருக்கு இணையான ஊதியமும் அகவிலைப்படியும் கோரி அந்தமான் மஸ்தூர்கள் நீதிமன்றம் சென்றனர், ஆணையும் பெற்றனர். நிர்வாகம் அதை நிறைவேற்றவில்லை. 2023 ஆகஸ்ட் 3 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, தலைமைச் செயலாளரை இடைநீக்கம் செய்தும் துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தும் உத்தரவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மஸ்தூரின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதிகாரியின் மனு ஒரே நாளில் விசாரணைக்கு வரும்! சட்டப் போராட்டம் தேவைதான். அமைப்பாகத் திரண்ட வலிமை பின்னால் இல்லையென்றால் அது பாதியில் நின்றுவிடும் என்பதே இதன் பாடம்.

அந்த வலிமை எப்படிச் செயல்படும் என்பதை அடுத்த ஆண்டே துறைமுகத் தொழிலாளர்கள் காட்டினார்கள். ஊதிய ஒப்பந்தம் இழுத்தடிக்கப்பட்டதை எதிர்த்துச் சம்மேளனங்கள் ஒன்றுசேர்ந்து 2024 ஆகஸ்ட் 28 முதல் வேலைநிறுத்தம் என அறிவித்தன. முதல் நாளே அரசு இறங்கிவந்து 8.5 விழுக்காடு ஊதிய உயர்வுக்கு உடன்பட்டது. ஆனால் அந்த உடன்பாடு பெருந்துறைமுகத் தொழிலாளர்களுக்கு உரியது. ஹட் பே பெருந்துறைமுகப் பட்டியலில் இல்லை. ஆகவே இங்கே வடம் பிடிக்கும் மஸ்தூருக்கு அந்த உயர்வு வராது.

இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் கட்டி முடிக்கப்பட்ட துறைமுகம் இல்லை. ஆயினும் 2024இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.42 கோடி கொள்கலன்களைக் கையாளும் சரக்கு மாற்று முனையம் அங்கே எழும் என்கிறார்கள். அந்தத் தீவுத் திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டு நிலத்தைத் திருப்பிவிட 2022இல் கொள்கையளவில் அனுமதி தரப்பட்டது. இன்னும் எழாத துறைமுகத்துக்கு இந்தப் பெருமை. பல பத்தாண்டுகளாக மக்களுக்கு உழைத்துவரும் ஹட் பே ஜெட்டிக்கு அது இல்லை!

லிட்டில் அந்தமானையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நிதி ஆயோக் தீட்டிய தொலைநோக்கு ஆவணம் 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. நிதி மையம், மருத்துவ நகரம், விமான நகரம், உல்லாச மண்டலம் என அது கனவு கண்டது. அதற்காக 240 சதுர கிலோமீட்டர் காப்புக்காட்டை விடுவிக்க வேண்டும். ஓங்கே மக்களின் காப்பகத்தில் 135 சதுர கிலோமீட்டரை நீக்க வேண்டும். லிட்டில் அந்தமானின் வனக் கோட்ட அலுவலரே 2020இல் இதை எழுத்து மூலம் எதிர்த்தார். மாளிகைகளும் விடுதிகளும் அடங்கிய அந்த நகரத்தில், தலைமுறையாக இங்கு உழைத்தவருக்கு மீந்திருக்கும் வேலை என்ன? விடுதியின் காவலாளி வேலை. படகின் ஒப்பந்த வேலை.

இவை தனித்தனித் திட்டங்கள் அல்ல. சட்டங்களும் இவற்றோடு ஒத்துப்போகின்றன. 2025 ஆகஸ்டில் வணிகக் கப்பல் சட்டம், கடலோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம், இந்தியத் துறைமுகச் சட்டம் ஆகியவற்றை நாடாளுமன்றம் அடுத்தடுத்து நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென 1986இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் அவற்றில் கரைக்கப்பட்டது. குறித்தகால வேலை என்ற பெயரில் நிரந்தர வேலையின் வேர் அறுக்கப்படுகிறது.

உரிமை இழந்த மாலுமிக்கு என்ன நேரும் என்பதை உலகக் கடல்கள் காட்டுகின்றன. ஊதியமும் உணவும் இன்றி முதலாளிகளால் கைவிடப்பட்ட மாலுமிகள் 2024இல் மட்டும் மூவாயிரத்துக்கும் அதிகம் எனச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. கைவிடப்பட்டவர்களில் இந்தியர்களே மிகுதி. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஊர் திரும்பும் உரிமை ஆகியவற்றை வரையறுத்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. ஏட்டில் உள்ள உரிமையைக் கப்பல் தளத்துக்குக் கொண்டுவருவது சங்கம் மட்டுமே.

1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரே 1908இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் தோள்கொடுத்தார். கப்பல் நாட்டுக்கு உரியதாக வேண்டும், உழைப்பவர் மனிதராக நடத்தப்பட வேண்டும் என்ற இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஹட் பேயிலும் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. இந்தியக் கப்பல் கழகத்தை விற்கும் முடிவு கைவிடப்பட வேண்டும். தீவுகளுக்கிடையிலான கப்பல் சேவை அரசின் பொறுப்பிலேயே தொடர வேண்டும். சலுகைக் கட்டணம் நீடிக்க வேண்டும். தினக்கூலி மஸ்தூர்களும் ஒப்பந்த மாலுமிகளும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும். ஜெட்டியில் பாதுகாப்புக் கருவிகளும், பயணிகளுக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். ஓங்கே மக்களின் காப்பகத்தில் ஓர் அங்குலமும் குறைக்கப்படக் கூடாது.

இக்கோரிக்கைகள் கப்பல் தொழிலாளருக்கு மட்டும் உரியவை என்று கருதிவிடக் கூடாது. பயணச்சீட்டுக்காக விடியலில் வரிசையில் நிற்கும் தாயும், பாக்கைச் சந்தைக்கு அனுப்பக் காத்திருக்கும் விவசாயியும், மீனவரும், மாணவரும் இப்போராட்டத்தின் இயல்பான தோழர்கள். கப்பல் தாமதமாகும்போது அவர்களுடைய கோபம் முதலில் ஜெட்டித் தொழிலாளியின் மீது திரும்புகிறது. தாமதத்துக்குக் காரணம் பராமரிக்கப்படாத கப்பலும் நிரப்பப்படாத பணியிடங்களுமே என்பதை அந்த வரிசைக்கே சென்று, வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் நிக்கோபாரியிலும் எடுத்துச் சொல்வது சங்கத்தின் முதல் வேலை. அந்த வரிசையும் ஜெட்டியும் ஒன்றுசேரும் நாளில் இத்தீவின் சாலையை எவராலும் விற்க முடியாது.