எழுத்தின் பாத்தியதை யாருக்கு?

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பதிப்புரிமை என்பதாகும். வக்கீல்கள் பேச வேண்டிய சங்கதியை, எட்டாவதோடு படிப்பை விட்டு அச்சாபீசில் எழுத்துக் கோக்கப் போன என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான் படித்ததெல்லாம் நான் கோத்த புத்தகங்களும் வாசகசாலைப் புத்தகங்களுந்தான். ஆகவே எனக்கும் இதில் ஒரு வார்த்தை சொல்லப் பாத்தியதை உண்டென்று நினைக்கிறேன்.

அந்த அச்சாபீசுக்கு ஒரு நூலாசிரியர் வந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய புத்தகத்தை அவருக்குத் தெரியாமலேயே ஒரு பிரசுரகர்த்தர் இரண்டாந்தரம் அச்சிட்டு விற்றுவிட்டார். அந்த மனிதர் தமக்குச் சேர வேண்டிய பணத்துக்காக நடையாய் நடந்ததை நான் கண்ணால் பார்த்தவன். பாடுபட்டவன் பட்டினி, பார்த்து நின்றவனுக்குப் பாயசம் என்பது வயலில் அநியாயமானால் புத்தகத்திலும் அநியாயந்தானே? ஆதலால் பதிப்புரிமையே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை.

ஆனால் இந்த உரிமை என்ன, ஆண்டவன் கொடுத்ததா? மனிதன் செய்த சட்டந்தான். 1710-இல் இங்கிலாந்தில் இதற்கென்று சட்டம் செய்தபோது, புதுப் புத்தகத்துக்கு 14 வருஷம் என்றும், அதன் பிறகும் ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14 வருஷம் என்றும் வைத்தார்கள். கல்வி பெருகுவதற்காகவே இச்சட்டம் என்றும் அதிலேயே எழுதினார்கள். இந்தியாவில் இன்று ஆசிரியர் ஆயுள் முழுவதும், அவர் செத்த பிறகு 60 வருஷமும் உரிமை. அறுபது வருஷம் திவசம் கொடுத்தாலும் செத்தவர் எழுந்து வந்து இன்னொரு வரி எழுதப்போகிறாரா? (சிரிப்பு)

இந்த 60 வந்த கதையைக் கேளுங்கள். 1957-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 50 என்றுதான் இருந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1941-இல் இறந்தார். அந்தக் கணக்குப்படி 1991 முடிவோடு அவர் நூல்கள் பொதுச் சொத்தாகியிருக்க வேண்டும். உரிமையை வைத்திருந்தது விசுவபாரதி. அது கைவிட்டுப் போகக்கூடாதென்று கெடு நெருங்கிய சமயத்தில் சர்க்கார் 50-ஐ 60 ஆக்கிவிட்டார்கள். ஒரு கவிக்காக, உரிமை தீராதிருந்த அத்தனை ஆசிரியர்களின் நூல்களுக்கும் இன்னும் பத்து வருஷம் பூட்டு!

நம் நாட்டில் நடந்தது வேறு. பாரதி 1921-இல் இறந்தார். அவர் பாட்டில் எனக்கு ஒப்பாதது நிறைய உண்டு. அது வேறு கூட்டத்துச் சங்கதி. அவர் பாட்டை இசைத்தட்டில் போடும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1948-இல் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்ததற்கு டி.கே.எஸ். சகோதரர்கள் மேல் வழக்கு வந்தது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஊரெல்லாம் கேட்டது. 1949-இல் ஓமந்தூரார் மந்திரிசபை உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம் பங்கைப் பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். பாரதியின் தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாயும் கொடுத்தார்கள். 1955-இல் யாரும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. குடும்பத்தைத் தெருவில் விடவுமில்லை, பாட்டைப் பெட்டியில் பூட்டவுமில்லை. இதைவிட வேறென்ன நியாயம் வேண்டும்?

பாட்டை விடுங்கள், பாடப் புத்தகத்துக்கு வருவோம். 2012-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்து வளாகத்திலிருந்த ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையின் மேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பெரிய பிரசுரக்காரர்கள் 60 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார்கள். கடைக்காரர் செய்த குற்றம் என்ன? வாத்தியார்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களைப் பிரதியெடுத்துப் பிள்ளைகளுக்கு விற்றதுதான். ஒரு பாடத்துக்கு இருபது புத்தகத்தில் இருபது அத்தியாயம் படிக்க வேண்டுமானால், கூலிக்காரன் மகன் இருபது சீமைப் புத்தகமும் வாங்குவானா? இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகங்களை எழுதியவர்களிலேயே பலர் வழக்கை விட்டுவிடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். எழுதியவன் வேண்டாமென்கிறான், விற்பவன் விடமாட்டேனென்கிறான்! 2016 செப்டம்பரில் டெல்லி ஹைக்கோர்ட்டு ஜட்ஜ் வழக்கைத் தள்ளினார். பதிப்புரிமை தெய்வீக உரிமையுமல்ல, இயற்கை உரிமையுமல்ல என்று தீர்ப்பிலேயே எழுதினார். (கைதட்டல்) அந்த டிசம்பரில் அப்பீலில், பாடம் நடத்துவதற்குத் தேவையான அளவுதானா என்பதை விசாரிக்கட்டும் என்று திருப்பியனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பிரசுரக்காரர்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன்? காதில் விழுந்தாலே குற்றம் என்று நம் பாட்டன்மாரைப் படிப்பிலிருந்து துரத்தினார்கள். அன்று சாதி வாசற்படியில் நின்றது. இன்று விலைச்சீட்டு நிற்கிறது.

கடைசியாகக் காரியத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசு பாரதிக்குப் பிறகும் பல ஆசிரியர்களின் நூல்களைக் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். யாரும் அச்சடிக்கலாம், யார் அனுமதியும் தேவையில்லை. இந்த வாசகசாலை அலமாரியில் இரண்டு தட்டு காலியாயிருப்பதை வரும்போதே பார்த்தேன். ஜாபிதாவைக் காரியதரிசித் தோழர் எடுக்கட்டும். முதல் புத்தகத்தின் காகிதச் செலவுக்கு என் பங்கை இப்போதே அவரிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறேன்.