நீதிமன்றப் படி நமக்கும் உரியதே



'கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்' என்று சொல்லிப் பெருமைப்படுவது நம் தோட்டத்து வழக்கம். வம்பு தும்புக்குப் போகாதவர்கள் என்பது அதன் பொருள். நல்ல பெருமைதான். ஆனால், நியாயமாக நமக்கு வரவேண்டிய பணம் வராமற் போகும்போதும், 'கோர்ட்டு கச்சேரி நமக்கு எதற்கு?' என்று இருந்துவிடுகிறோமே, அது சரியா?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்தை விட்டு மஸ்ஜித் தானா பட்டணத்தில் வாடகை வீட்டுக்குக் குடிவருகிறார்கள். முன்பணம் 1,200 வெள்ளி. பின்னர் வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்தும், முன்பணம் திரும்பவில்லை. வழக்கறிஞரை வைத்தால், வரும் பணத்தைவிடச் செலவு மிகுந்துவிடும். என்ன செய்வது?

இத்தகையோருக்காகவே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குமுறை உள்ளது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆவது பிரிவு இதைக் கூறுகிறது. கோரும் தொகை 5,000 வெள்ளிக்கு மேற்படக்கூடாது. வழக்குத் தொடுப்பவர் தனிமனிதராக இருக்க வேண்டும். பொதுவாக இருதரப்பிலும் வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆகவே, வசதி படைத்தவரும் நம்மைப் போலத் தாமே நின்று பேசியாக வேண்டும்.

மஸ்ஜித் தானா, அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. அலோர் காஜாவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. மலாக்கா நகரத்தார்க்கு ஆயர் குரோவில் நீதிமன்ற வளாகம் உண்டு. அங்குள்ள பதிவகத்தில் 198ஆம் எண் பாரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். யார், எவ்வளவு தரவேண்டும், எதனால் என்பதை அதில் எழுதி, நாமே கையொப்பமிட்டு, சிறு கட்டணத்துடன் பதிய வேண்டும். எதிர்த்தரப்பாருக்கு அதன் படி சேர்ந்தபின், 14 நாளுக்குள் அவர் பதில் பதிய வேண்டும். விசாரணை நாளில், இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர நீதிமன்றம் முதலில் முயலும். இணக்கம் ஏற்படாவிட்டால் தீர்ப்பு வழங்கும்.

இதில் நாம் மறக்கக்கூடாதவை இரண்டு. ஒன்று, சான்று. ரசீது, ஒப்பந்தத்தாள், கைப்பேசியில் வந்த செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு கையைப் பிசைவதில் பயனில்லை. மற்றொன்று, காலம். ஒப்பந்தம் பற்றிய வழக்கை ஆறு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும்.

நம்மீதே ஒருவர் வழக்குப் போட்டால்? அந்தத் தாளைச் சாமிப் படத்தின் பின்னே செருகி வைத்துவிட்டு இருந்துவிடலாகாது. பதில் கொடுக்காவிட்டால், நம் பக்கம் நியாயம் இருந்தாலும் தீர்ப்பு நமக்கு எதிராகிவிடக்கூடும்.

சம்பள பாக்கிக்குப் போகவேண்டிய இடம் வேறு; அது தொழிலாளர் இலாகா. நியாயமின்றி வேலை நீக்கப்பட்டவர்கள் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். வருமானம் குறைந்தோர், குடும்ப வழக்கு முதலியவற்றுக்குச் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

பாரம் மலாய் மொழியில் இருக்கிறதே என்று தயங்குவோர் உண்டு. படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் தங்கள் உரிமையைத் தாங்களே கேட்டுப் பெறுவதைக் காணும் பிள்ளை, அந்தப் பாடத்தை என்றும் மறவாது.