கீழே வெயில், மேலே மழை

(நம் சங்கத்தின் கூட்டத்தில் பேசியது)

குற்றாலத்தில் சீசன் தொடங்கப்போகிறது. வேன் பேசுவது பற்றி லிஃப்ட்டிலேயே பேச்சு நடக்கிறது. போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கிளம்புமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். நம் திருநெல்வேலியிலிருந்து போயிருந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான்.

அருவியில் விழும் தண்ணீர் நாம் நிற்கும் இடத்தில் பெய்த மழை அல்ல. மலைக்கு மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்தது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை கொட்டலாம். சரிவு செங்குத்து, அடியில் பாறை. நாலு நாள் மழையில் ஊறிய மண் மேற்கொண்டு தண்ணீரைக் குடிக்காது. அத்தனையும் ஓடைக்கு வந்துவிடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். நாம் கோடையில் வாங்குகிறோமே, பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி, அதில் ஆயிரம் லாரி. பத்து சென்டிமீட்டர் பெய்தால் பத்தாயிரம் லாரி. இதில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் குறுகலான ஓடையில் இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இமயமலையில் இதே ஆபத்து பனியாக வருகிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில், திரௌபதி கா டண்டா சிகரத்துக்குப் போன நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பயிற்சியாளர்கள் கூட இருந்தும் இது நடந்தது. அதனால்தான் அனுபவமுள்ள மலையேறிகள் இன்றைய வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த சில நாட்களில் மேலே எவ்வளவு பனி விழுந்தது என்றும் கேட்கிறார்கள். நாமும் அதையே கேட்போம்: மேலே எவ்வளவு மழை?

வானிலை ஆய்வு மையம் நிறம் போட்டுச் சொல்கிறது. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் நடவடிக்கை. ஆரஞ்சு வந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். அருவியில் குளிக்கத் தடை என்று அறிவித்திருந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் வேறு வழி தேடாதீர்கள்.

குளிக்கும்போது தெளிந்த நீர் கலங்கினாலோ, இலை, சுள்ளி வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியே வாருங்கள். ஓடையை ஒட்டி ஓடாமல், பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள். செருப்பு, செல்போன், துண்டு எதற்காகவும் திரும்ப வேண்டாம். முழங்கால் அளவு வேகமான தண்ணீரே பெரியவரைச் சாய்த்துவிடும். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வேனுக்கும் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அவர் 'திரும்புவோம்' என்றால் திரும்ப வேண்டும், அங்கே வாக்கெடுப்பு கிடையாது. "வாடகை கொடுத்தாச்சே, இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று யாராவது சொல்வார்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொடுத்த வாடகை குளித்தாலும் திரும்பி வராது. அதை முடிவில் சேர்க்கக் கூடாது.

மெயின் அருவியில் விழும் சிற்றாறு சீவலப்பேரி பக்கம் நம் தாமிரபரணியில்தான் வந்து சேர்கிறது. இந்த வாரம் விட்டால் அடுத்த வாரம் போகலாம், அருவி அங்கேயேதான் இருக்கும். இந்த ஜூலைப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே, உங்கள் வேனுக்குப் பொறுப்பாளர் யார் என்றும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.