ஒன்பது கிணறுகளும் ஒரு சராசரியும்

(வாலாஜாபேட்டை வட்டார உழவர் பயிற்சிக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் முன்னோர்கள் சொன்னார்கள். ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். ஆனால் பாலாற்றங்கரையில் உள்ள கிணறுகள் ஒரே பானையில் வெந்த சோறு அல்ல. ஒரு கிணற்று நீர் இனிக்கும். நூறு அடி தள்ளி அடுத்த கிணற்று நீர் நாக்கில் கரிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிணற்றைப் பார்த்து ஊரை முடிவு செய்வது தவறு. எல்லாக் கிணறுகளையும் கூட்டி வகுத்து ஒரே எண்ணாகச் சொல்வதும் சில சமயம் அதைவிடப் பெரிய தவறாகிவிடும். கையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு எண்களை எப்படிச் சுருக்கிச் சொன்னால் உண்மை கெடாது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எண் ஏன் நமக்கு முக்கியம்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நம் பகுதி முழுவதும் தோல் பதனிடும் தொழில் பரவியிருப்பது நீங்கள் அறிந்ததே. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரோடு வெளியேறுகிறது. சுத்தம் செய்யாமல் விட்ட அந்த நீர் பல ஆண்டுகள் நிலத்தில் இறங்கி, ஓடைகளிலும் பாலாற்று மணலிலும் ஊறிக் கிணறுகளுக்குச் சென்றது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்பது அக்கணக்கு. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ நிறுவனம் எடுத்த கணக்கும் அதே தீர்ப்பில் உண்டு. அங்கே 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. அதாவது நான்கில் மூன்று.

இந்த இரண்டு கணக்குகளும் நீதிமன்றத்தில் எடுபட்டன. காரணம், யாரோ ஊர் ஊராகச் சென்று எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். "தண்ணீர் கெட்டுவிட்டது ஐயா" என்ற குறை எல்லா ஊரிலும் இருந்தது. "467-ல் 350" என்பதோ சான்றாயிற்று.

சராசரி எங்கே ஏமாற்றும்?

ஒரு கணக்கு போடுவோம். ஓடைக்கு அருகே ஒரு சிற்றூரில் ஒன்பது கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை பயிற்சிக்காக நான் எழுதிய எண்கள். எந்த ஊரையும் குறிப்பன அல்ல. நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறோம். எண் ஏற ஏற உப்பு அதிகம். ஆய்வு முடிவுகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்:

1.2, 1.3, 1.4, 1.5, 1.6, 1.8, 2.0, 7.6, 8.6

கூட்டினால் 27. ஒன்பதால் வகுத்தால் சராசரி 3.0.

இந்த 3.0 என்ற உப்பு எந்தக் கிணற்றில் இருக்கிறது? ஒன்றிலும் இல்லை! ஏழு கிணறுகள் அதற்கு வெகு கீழே உள்ளன. இரண்டு கிணறுகள் அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் உள்ளன. ஒருவருடைய கிணற்றுக்கும் பொருந்தாத எண் ஊர் முழுவதன் பெயரால் எழுதப்படுகிறது.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985-ல் வெளியிட்ட பாசன நீர்த் தர நூலில் பயிர்வாரியாக அளவுகள் உள்ளன. அதன்படி நெல்லுக்குப் பாசன நீரின் அளவு 2.0 வரை விளைச்சல் குறையாது. 3.0 என்றால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். 4.8 என்றால் பாதி போய்விடும். 7.6-ஐத் தொட்டால் விளைச்சலே இல்லை. வடிகாலையும் மண்ணையும் பொறுத்து இவை சற்று முன்பின் ஆகலாம்.

இப்போது சராசரியை மட்டும் பார்க்கும் ஒருவர், "இந்த ஊரில் எல்லோருக்கும் ஆறில் ஒரு பங்கு நட்டம். தாங்கக்கூடியதுதான்" என்று எழுதிவிடுவார். உண்மை என்ன? ஏழு குடும்பங்களுக்கு நட்டமே இல்லை. இரண்டு குடும்பங்களுக்கு ஒரு மூட்டை நெல்கூட இல்லை. அந்த இரண்டு குடும்பங்களின் துயரத்தை ஒன்பதாகப் பங்கிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டது சராசரி.

நடு எண் என்ன சொல்லும்?

வரிசைப்படுத்திய எண்களில் சரியாக நடுவில் இருப்பதை இடைநிலை அளவு என்கிறோம். ஒன்பது எண்களில் ஐந்தாவது. இங்கே அது 1.6. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.

இடைநிலை அளவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடைசிக் கிணறு 8.6 என்றாலும் 18.6 என்றாலும் அது அசையாது. ஊரில் பெரும்பாலான கிணறுகள் எப்படி இருக்கின்றன என்பதைச் சராசரியைவிட நன்றாகச் சொல்லும். ஆனால் அந்தக் குணமே குறையும் ஆகிறது. "இடைநிலை அளவு 1.6, நெல்லுக்கு ஏற்ற நீர்" என்று மட்டும் எழுதினால், கெட்ட கிணறுகள் இரண்டும் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சராசரி 3.0, இடைநிலை அளவு 1.6. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எண்கள் பெரும்பாலும் நடுவைச் சுற்றிச் சீராக இருக்கின்றன எனலாம். இப்படி வெகுதூரம் விலகி நின்றால், எங்கோ ஒரு பக்கத்தில் சில எண்கள் இழுக்கின்றன என்று பொருள். அந்த எண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அவற்றைக் கண்டதும் முதலில் எழுத்துப் பிழையா என்று பாருங்கள். 0.86 என்பதை 8.6 என்று எழுதிவிட்டோமா? அலகு மாறிவிட்டதா? சில ஆய்வுத் தாள்களில் 1.6 என்பது மைக்ரோ அலகில் 1600 என்று வரும். பழைய தாள்களில் மில்லிமோ என்றும் இப்போது டெசிசைமன் என்றும் எழுதுவார்கள். இவை இரண்டும் ஒரே அளவுதான். சந்தேகம் இருந்தால் மறுபடியும் நீர் எடுத்துச் சோதியுங்கள். பிழை இல்லை என்று தெரிந்த பிறகு, "இது மட்டும் ஒத்துவரவில்லை" என்று அடித்துவிடக் கூடாது. ஒத்துவராத அந்த எண்தான் பெரும்பாலும் நமக்குச் செய்தி சொல்கிறது.

இரண்டு கூட்டமாகப் பிரித்தல்

நம் ஒன்பது கிணறுகளை எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும்? இப்படி எழுதலாம்: "ஒன்பது கிணறுகள் சோதிக்கப்பட்டன. ஏழில் உப்பு 1.2 முதல் 2.0 வரை, சராசரி 1.5. ஓடையை ஒட்டிய இரண்டில் 7.6, 8.6." இரண்டே வரிதான். ஆனால் எதுவும் மறையவில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நல்ல கிணறுகள் ஏழும் தலைக்கு 2 ஏக்கர் வீதம் 14 ஏக்கருக்குப் பாய்கின்றன என்றும், கெட்ட கிணறுகள் இரண்டும் தலைக்கு 5 ஏக்கர் வீதம் 10 ஏக்கருக்குப் பாய்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். கிணற்றை எண்ணினால் ஒன்பதில் இரண்டுதான் கெட்டது. நிலத்தை எண்ணினால் 24 ஏக்கரில் 10 ஏக்கர், அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று மேல்! எனவே எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதைவிட "ஒன்பதில் இரண்டு" என்று சொல்வதே நேர்மை.

சிதறலைப் பார்ப்பது எப்படி?

இனி ஒரே கிணற்றை ஆண்டு முழுவதும் சோதிப்பதைப் பற்றிப் பார்ப்போம். இதுவும் பயிற்சிக் கணக்கே. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் ஆறு முறை சோதித்ததில்:

முதல் கிணறு: ஆகஸ்ட் 2.0, அக்டோபர் 1.9, டிசம்பர் 1.8, பிப்ரவரி 2.0, ஏப்ரல் 2.1, ஜூன் 2.2.

இரண்டாம் கிணறு: ஆகஸ்ட் 2.3, அக்டோபர் 1.2, டிசம்பர் 0.8, பிப்ரவரி 0.9, ஏப்ரல் 3.2, ஜூன் 3.6.

இரண்டிலும் கூட்டுத்தொகை 12. சராசரி 2.0. தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் காட்டுவதே சிதறல்.

எளிதான அளவு வீச்சு. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டியதுதான். முதல் கிணற்றில் 0.4. இரண்டாவதில் 2.8.

அடுத்தது சராசரி விலக்கம். ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று, கூடுதல் குறைவு பாராமல் எழுதிக் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முதல் கிணற்றில் 0.1. இரண்டாவதில் ஏறத்தாழ 1.0.

ஆராய்ச்சி நிலையங்களில் திட்ட விலக்கம் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். தள்ளி நிற்கும் தூரங்களை அவற்றாலேயே பெருக்கிக் கூட்டி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். அவ்வாறு செய்தால் முதல் கிணற்றுக்கு 0.14, இரண்டாவதற்கு 1.2 வரும். உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு வீச்சும் சராசரி விலக்கமும் போதும்.

இதனால் சாகுபடிக்கு என்ன பயன்? முதல் கிணற்றுக்காரர் எந்தப் பட்டத்திலும் ஏறக்குறைய ஒரே நீரை நம்பலாம். இரண்டாம் கிணற்றுக்காரருக்கு வடகிழக்குப் பருவமழை பெய்து உப்பு கரைந்த பிறகு நீர் நன்றாக இருக்கிறது. சம்பா அவருக்கு ஏற்றது. சொர்ணவாரி நெல்லை அவர் தவிர்க்க வேண்டும். ஏனெனில் நெல் இளநாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் உப்பைத் தாங்காது. சொர்ணவாரிக்கு நாற்று விடும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அவர் கிணற்றில் உப்பு ஏறுகிறது. நவரைப் பட்டத்திலோ நடவின்போது நீர் நன்றாக இருந்து, கதிர் முற்றும்போது கைவிட்டுவிடும். சராசரி 2.0 என்ற ஒரே எண்ணை நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, நீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி, அரை லிட்டர் எடுத்தால் போதும். பெயர், சர்வே எண், தேதி எழுதி ஒட்டி, தாமதமின்றி மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறை போதாது. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை கட்டாயம்.

மூன்றாவது, ஆய்வுத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். தேதி, எண், அப்போது நின்ற பயிர், கிடைத்த விளைச்சல் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வாருங்கள்.

நான்காவது, ஊராகச் சேர்ந்து கணக்கைச் சொல்லும்போது எத்தனை கிணறு, மிகச் சிறியது, இடைநிலை அளவு, சராசரி, மிகப் பெரியது என்ற ஐந்தையும் எழுதுங்கள். தனித்து நிற்கும் கிணறுகளைத் தனியே குறிப்பிடுங்கள்.

இழப்பீட்டுக் கணக்கும் இதுவே

1996 தீர்ப்பின் பயனாக அமைந்த ஆணையம் 2001-ல் அன்றைய வேலூர் மாவட்டத்தில் சுமார் 29 ஆயிரம் பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கூட்டி வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 9,200 ரூபாய் வருகிறது. கேட்பதற்கு ஒரே எண். ஆனால் கிணறு முழுதும் கெட்டவரும் ஓரளவு கெட்டவரும் அந்த ஒரே எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், இன்னும் பெறாதவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கதை நமக்குக் கற்பிப்பது இதுதான்: ஊர்க் கணக்கு வழக்கைத் தொடங்க உதவும். தன் கிணற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காட்ட அவரவர் நோட்டுப் புத்தகம் வேண்டும்.

ஏற்கெனவே உப்பேறிய கிணற்றை எண்கள் இனிப்பாக்கிவிடா. உப்பைத் தாங்கும் பருத்திகூட 8.4 அளவுள்ள நீரில் கால் பங்கு விளைச்சலை இழக்கும் என்று முன்பு சொன்ன அதே நூல் கூறுகிறது. ஆனால் எந்தப் பட்டத்தில் எதைப் பயிரிடலாம், எங்கே விதையை வீணாக்க வேண்டாம், யாருக்கு உதவி முதலில் சேர வேண்டும் என்பதை எண்கள் சொல்லும். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் நீரும் ஒரு நாற்பது பக்க நோட்டும் எடுத்துத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.