அம்மணியும் பயதேரும்



தலைநகர் தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்று அமைந்திருக்கும் இந்த மந்திர் மார்க்கில் பேசப் பணிக்கப்பட்டபோது, கடல் கடந்து சென்று மறக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்ணின் சரித்திரமே இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தக்க பொருள் எனத் துணிந்தேன்.

கீழ்த்திசையில் காலடி வைத்தறியாத ஆங்க்ர் என்னும் பிரெஞ்சு ஓவியர், 1814இல், அந்தப்புரத்து மங்கையொருத்தியைப் பட்டு மெத்தையில் சாய்த்து, முதுகையும் இயற்கைக்கு மாறாக நீட்டி, பெயரும் ஊரும் இல்லாத வெறும் காட்சிப் பொருளாகத் தீட்டினார். மறு ஆண்டில், கம்பெனி அதிகாரி வில்லியம் ஃப்ரேசருக்காக இதே தில்லியின் ஓவியர் ஒருவர் வரைந்த நடனமாதின் படத்திலோ, மலாகீர் என்ற அவளுடைய பெயர் இருக்கிறது. கற்பனைக்கும் யதார்த்தத்துக்கும் உள்ள தூரம் அந்தப் பெயரின் அளவே.

அரங்கிலும் அதே கதைதான். நடனமாடுபவளைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் பிரெஞ்சில் 'பயதேர்' என மருவ, 1830இல் மரீ தாக்லியோனி பாரிஸில் பயதேராக ஆடி ரசிகர் மனத்தைக் கவர்ந்தார். எட்டாண்டு கழித்து, திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகளும் மூன்று வாத்தியக்காரரும் ஒப்பந்தத்தின்பேரில் கப்பலேறி அந்நகரம் சேர்ந்தார்கள். மூத்தவருக்கு முப்பது வயது, கடைக்குட்டிக்கு ஆறு. அவர்களுள் பதினெட்டு வயது அம்மணியைத்தான் பாரிஸ் கொண்டாடியது. முந்தைய ஆண்டில் தாக்லியோனியின் சிற்றுருவத்தை வடித்த சிற்பி பார், அதே கையால் அம்மணியையும் வெண்கலத்தில் வார்த்தார்; கவிஞர் கோத்தியே நேரில் கண்டு வியந்து எழுதினார்.

கண்ணால் கண்ட பின்னராவது கற்பனை கலைந்ததா? இல்லை. 1858இல் 'சகுந்தலா' நாட்டிய நாடகத்துக்குக் கதை எழுதியவர் அதே கோத்தியே. அதற்கு நடனம் அமைத்த லூசியன் பெத்திபாவின் சகோதரர் மாரியஸ், 1877இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் 'பயதேர்' நாடகத்தை அரங்கேற்றி, நம் செவிக்குப் பழக்கமில்லாத 'நிகியா' என்ற பெயரைக் கோயில் நடனமாதுக்கு இட்டார். அந்த நாடகம் இன்றும் உலக அரங்குகளில் நடக்கிறது. அம்மணியை அறிந்தவர் சிலரே.

கற்பனையே நிலைத்ததற்குக் காரணம் துவேஷம் மட்டுமன்று என்பதே என் கருத்து. அபிநயத்தை அனுபவிக்க, விரலின் குறிப்பையும், மத்தளத்தின் சொல்லையும், பாட்டின் பாவத்தையும் அறிந்த பயிற்சி வேண்டும். மெத்தையில் சாய்ந்த மங்கையைப் பார்க்க யாதொரு பயிற்சியும் வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளும் சிரமத்தை ஏற்காத கண்கள், எளிதான பொய்யிடமே திரும்பிச் சென்றன.

ஆகவே, நம் கடமையும் அச்சிரமத்தை மேற்கொள்வதே. கோயிலில் பயின்ற கலையைத் தன் உடலில் சுமந்து சென்ற அம்மணியின் பெயரை, தில்லியில் அடவு பயிலும் ஒவ்வொரு சிறுமியும் தன் முன்னோர் பெயர்களுள் ஒன்றாக அறிந்து வளர்வாளாக.